ஆறிய காபியை அம்மாதான் குடிக்கிறார்

திருச்சியிலிருந்து 36 வயதுச் சகோதரி ஒருவர் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து 2013இல் ஓய்வு பெற்றவர். பத்து மாதத்துக்கு முன்பு, 72 வயதில், மாரடைப்பில் காலமானார். அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. சொந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். மகள் அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி. ஒன்பது வயது மூத்த அண்ணன் ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறார்.

தினமும் மாலை ஐந்தேகாலுக்கு அம்மா இரண்டு டம்ளர் காபி கலக்கிறார். ஒன்றைத் தான் குடித்துவிட்டு, மற்றதை அப்பாவின் ஈஸி சேர் பக்கத்து ஸ்டூலில் வைக்கிறார். அரை மணி கழித்து, ஆறிப்போன அந்தக் காபியையும் அவரே குடித்துவிடுகிறார். சில நாட்களில் ‘வாசல்ல வண்டி நிறுத்துற சத்தம் கேட்டுச்சு’ என்கிறார். அண்ணனுக்கு இதெல்லாம் பயமாக இருக்கிறது. ‘அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு, டாக்டர்கிட்ட காட்டணும். திவசம் முடிஞ்ச கையோட அந்தச் சேர், டூல் பாக்ஸ், மொபெட் எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, வீட்டை வித்துட்டு, அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்’ என்கிறார். தூக்கம் வரவில்லை என்று அம்மா சொன்னதற்கு, தெரிந்த மருந்துக் கடையில் மாத்திரையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

சகோதரியின் ஏழு வயது மகனுக்குத் தாத்தாதான் உலகம். எடுக்கும்போது பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ‘தாத்தா ஊருக்குப் போயிருக்கார்’ என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் இப்போதும் தாத்தா நம்பருக்கு வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு அனுப்புகிறான். தலைத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்க சகோதரிக்கு ஆசை. ‘அதெல்லாம் எதுக்கு?’ என்று அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ‘அப்பாவை இவ்வளவு சீக்கிரம் மறக்க அண்ணனால் எப்படி முடிகிறது? அம்மாவை மறக்க வைக்க என்ன செய்யலாம்? இரண்டும் எனக்குப் புரியவில்லை’ என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அண்ணன் மறக்கக் கூடாது, அம்மா மறக்க வேண்டும் என்கிறீர்கள். இரண்டு பேரும் நீங்கள் நினைவுகூரும் அளவுக்கு, நீங்கள் நினைவுகூரும் விதத்தில் நினைவுகூர வேண்டும் என்றுதான் இது எனக்குக் கேட்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். துக்க வீட்டில் எல்லோருமே இப்படித்தான் இருக்கிறோம். அவரவர் அழுகைதான் சரியான அளவு. அடுத்தவர் அழுகை ஒன்று கூடிப்போகிறது, இல்லை குறைந்துபோகிறது.

அம்மாவுக்குப் புத்தி பேதலித்திருக்கிறதா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இல்லை. அந்த இரண்டாவது டம்ளரைப் பற்றி எழுதும்போது, ஆறிய பிறகு அம்மாவே குடித்துவிடுகிறார் என்று போகிற போக்கில் சொல்லிப் போயிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். அப்பா வந்து குடிப்பார் என்று நம்புகிறவர் அதைத் தொடமாட்டார், யாரையும் தொடவும் விடமாட்டார். அம்மா காத்திருப்பது அரை மணி நேரம். பிறகு டம்ளரை எடுத்து, குடித்து, கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். அவர் வரமாட்டார் என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். நாற்பத்தைந்து வருடமாக ஐந்தேகாலுக்கு இரண்டு டம்ளர் கலந்த கை, ஒன்றே ஒன்று கலக்க இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அப்பா காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த டம்ளரிலும் அதே இரண்டு ஸ்பூன் போகிறதென்றால், அது அம்மாவின் உடம்புக்குள்தான் போகிறது. நான் கவலைப்படுவது அதற்கு மட்டும்தான்.

வண்டிச் சத்தம் விஷயமும் நீங்கள் நினைப்பதுபோல அபூர்வம் இல்லை. வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல உணர்ந்தோம், பார்த்தோம், குரல் கேட்டோம் என்று ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். ‘பைத்தியம்னு நினைச்சுருவாங்க’ என்று பெரும்பாலானோர் அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் அம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்த மட்டில் உங்கள் வீடு நல்ல வீடுதான்.

கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு. முன்பின் தெரியாத ஆட்கள் வீட்டுக்குள் நிற்பதாகச் சொன்னாலோ, நாள், கிழமை, சொந்தப் பிள்ளை பெயர் குழம்பினாலோ, இரண்டு மூன்று நாளில் திடீரென்று ஆளே மாறிவிட்டாலோ காத்திருக்காதீர்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ ரத்தத்தில் சோடியம் குறைவதோகூட இப்படிக் காட்டும்; இவை மருந்தில் சரியாகிற விஷயங்கள். மாத்திரை போடுவதை நிறுத்துவது, எடை இறங்கிக்கொண்டே போவது, வாசல் தாண்டாமல் இருப்பது, ‘நானும் அவர் கூடயே போயிருக்கலாம்’ என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வது, இவையும் மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். கடைசியாகச் சொன்னதை யார் சொன்னாலும், ‘அப்படியெல்லாம் பேசாதம்மா’ என்று வாயை அடைக்காமல், ‘செத்துப்போகணும்னு தோணுதாம்மா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்; அதுவரை தனியாக விடாதீர்கள். நடுராத்திரியானாலும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மருந்துக் கடை மாத்திரையை மட்டும் இன்றைக்கே கவனியுங்கள். தூக்க மாத்திரை போட்ட முதியவர் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வதை நிறையப் பார்த்துவிட்டேன். ஆனால் சில மாத்திரைகளைப் பல வாரம் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்துவதும் தப்பு. அட்டையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ரயில்வே மருத்துவமனை அட்டைதான் அம்மாவிடம் இருக்கிறதே.

‘ஒரு வருஷத்துல வெளிய வந்துரணும்’

அண்ணன் சொல்கிற இந்தக் கணக்கைப் பலரும் சொல்கிறார்கள். கூடவே ‘துக்கத்துக்கு அஞ்சு படி இருக்காமே, அம்மா இன்னும் முதல் படியிலேயே நிக்கறாங்களா?’ என்று நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்றுக்கொள்ளல் என்ற அந்த ஐந்து படிகளை எலிசபெத் கியூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதினார். அவர் பேசியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம். கணவரைப் பறிகொடுத்த பெண்களுக்காகப் போட்ட படிக்கட்டு அல்ல அது. பிற்பாடு எல்லாத் துக்கத்துக்கும் அதையே ஒட்டவைத்துவிட்டார்கள். நேரில் நான் பார்க்கிற துக்கம் எதுவும் படிப்படியாக ஏறுவதில்லை. காலையில் சந்தையில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுவார். சாயங்காலம் கணவர் செருப்பைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். மறுநாள் மறுபடி சந்தை.

நீடித்த துக்கத்தை ஒரு நோயாக இப்போது ஏற்றுக்கொண்டிருப்பது உண்மைதான். பெரியவர்களுக்கு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 12 மாதம் என்றும், உலக சுகாதார நிறுவனம் 6 மாதம் என்றும் வைத்திருக்கிறார்கள். ஆனால் காலண்டரை மட்டும் பார்த்து யாரும் அந்தப் பெயரை வைப்பதில்லை. அன்றாடம் முடங்கியிருக்க வேண்டும், ஏக்கம் கொஞ்சமும் தணியாமல் இருக்க வேண்டும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறியதாக இருக்க வேண்டும். படத்துக்கு விளக்கேற்றிப் படைக்கிற ஊரில் ஒரு டம்ளர் காபி எதையும் மீறிவிடவில்லை. பொன்மலைச் சந்தைக்கு ஞாயிறு தவறாமல் போய்வரும் அம்மாவை முடங்கிப்போனவர் என்றும் சொல்ல மாட்டேன்.

திவசத்தன்று அம்மா பொட்டு வைத்துக்கொண்டு முன்னால் நிற்கலாமா என்று பெரியம்மா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நெற்றி அம்மாவுடையது. அவரையே கேளுங்கள், அவர் சொன்னதை மற்றவர்களிடம் சொல்லும் வேலையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அண்ணனைப் பற்றி

ஐந்தாவது பக்கத்தில் ஒரு வாக்கியத்தை எழுதி, ‘அண்ணனின் கல்மனசுக்கு உதாரணம்’ என்று அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். ஒருநாள் போனில் சண்டை வந்தபோது அவர் சொன்னது: ‘உனக்குக் கிடைச்ச அப்பா எனக்குக் கிடைக்கல.’

கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பா குடியை விட்டது 1994 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அப்போது ஐந்து வயது, அண்ணனுக்குப் பதினான்கு. சம்பள நாள் ராத்திரிகளில் அவரைத் தேடிப்போனது யார், சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது யார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மொபெட்டோடு காத்திருந்த அப்பா உங்களுடையவர். அந்த மொபெட் வாங்குமுன் இருந்த அப்பா அண்ணனுடையவர். அம்மாவுக்கு இருவரையும் தெரியும். பேரனுக்குத் தாத்தாவை மட்டும் தெரியும். ஒரே மனிதருக்குத்தான் நாலு பேரும் துக்கப்படுகிறீர்கள், ஆனால் நாலும் வேறு வேறு துக்கம். அண்ணன் மறந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்தால் அவருக்கு வேறு சிலதும் ஞாபகம் வருகிறது. அதனால்தான் இரும்புக் கடைக்கு இவ்வளவு அவசரம். இது என் ஊகம்தான். அவரிடம் கேட்டால்தான் தெரியும், அதுவும் போனில் இல்லை.

நினைவு மலர்

தாராளமாகப் போடுங்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தைப் படித்தேன். பொன்மலையில் வேலை பார்த்த யாருக்கு வேண்டுமானாலும் அது பொருந்தும். ‘பாசத்தின் சிகரம், நேர்மையின் இலக்கணம்’ என்று தெருமுனை ஃப்ளெக்ஸ் பேனரிலேயே எல்லா அப்பாக்களும் இருக்கிறார்கள். கடிதத்தில் நீங்கள் எழுதிய அப்பா அதைவிட நன்றாக இருந்தார். ஓய்வு பெற்று பன்னிரண்டு வருடம் ஆன பிறகும் காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் கைக்கடிகாரத்தைச் சரிபார்ப்பார் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் போடுங்கள். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘பேரன் சைக்கிள் ட்யூப் 120’ என்று அவர் கையெழுத்தில் இருப்பதைப் படம் எடுத்து அப்படியே போடுங்கள். அவரோடு வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேராவது ஊரில் இருப்பார்கள். எல்லோருக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும். திவசம் வரை ஒத்திப்போடாமல் இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

அம்மாவையும் பேசவைத்துப் போனில் பதிவு செய்யுங்கள். ‘அப்பா எப்படிம்மா?’ என்று கேட்டால் ‘தங்கமானவர்’ என்பதோடு நின்றுவிடும். ‘கல்யாணம் ஆன புதுசுல மொத சம்பளத்துல என்ன வாங்கிட்டு வந்தார்?’ என்று கேளுங்கள். ஏதாவது ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கேட்டால் இன்னும் நல்லது. ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும்.

குடித்ததை எழுதலாமா? நம் ஒப்பாரியைக் கேட்டுப் பாருங்கள். அதில் புகழ் மட்டுமா வருகிறது? பட்ட பாடு, மாமியார் வீட்டுப் பேச்சு, போனவர்மேல் இருக்கிற குறை, எல்லாம் வரும். நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சொல்ல அந்தப் பெண்களுக்கு அது ஒன்றுதான் இடமாக இருந்தது. இப்போது குளிர்பெட்டியும் ஒலிபெருக்கியும் வந்து அந்த இடமும் போயிற்று. என்னைக் கேட்டால், பன்னிரண்டு வருடக் குடியை ஒரே மூச்சில் விட்டு, பிறகு முப்பது வருடம் தொடாமல் இருந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய சாதனை அந்த மலரில் வேறு இருக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கதை உங்களுடையது இல்லை. அதைப் பட்டவர்கள் அம்மாவும் அண்ணனும். இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அச்சில் வேண்டாம். வீட்டோடு இருக்கிற ஒரு நோட்டில் இருக்கட்டும். அண்ணனுக்கு ஒரு பக்கம் காலியாக விடுகிறேன் என்று சொல்லிவிட்டு நச்சரிக்காமல் இருங்கள். எழுதாவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு படத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

ஏழு வயதுக்காரனுக்கு என்ன சொல்வது?

ஊருக்குப் போனவர் திரும்பி வருவார். பத்து மாதமாக வரவில்லை என்றால், தன்மேல் கோபம்தான் என்று அவன் முடிவு கட்டியிருக்கக்கூடும். ‘தாத்தா, இனிமே உன் கண்ணாடிய எடுக்க மாட்டேன்’ என்று அவன் அனுப்பிய பதிவை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு அப்படித்தான் பட்டது. ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குச் செத்தவர் திரும்பி வரமாட்டார் என்பது புரியத் தொடங்கிவிடும். அவனுக்குப் பாதி தெரிந்திருக்கும். மீதியை நீங்கள் சொல்லுங்கள், பூசி மெழுகாமல்: ‘தாத்தா ஊருக்குப் போகலடா. செத்துப்போயிட்டார். அவர் இதயம் நின்னுபோச்சு. டாக்டரால சரி பண்ண முடியல. இனிமே வரமாட்டார். அப்ப உன்கிட்ட சொல்லாதது அம்மாவோட தப்பு. நீ கண்ணாடிய எடுத்ததால எதுவும் ஆகல.’ ‘தூங்கிட்டார்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ராத்திரி படுக்கவே பயப்படுவான். அவன் அழுதால் நீங்களும் கூட அழலாம். ‘தாத்தாவுக்கு அங்க பசிக்குமா?’ என்பது போலக் கேட்டுக்கொண்டே இருப்பான். உங்கள் வீட்டு நம்பிக்கைப்படி பதில் சொல்லுங்கள். திரும்பி வருவார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தாத்தா நம்பருக்கு ரீசார்ஜ் செய்து வருவதாகச் சொன்னீர்கள். செய்யுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் முடக்கலாம். பிறகு அது வேறு யாருக்காவது போகும். ஒருநாள் பையனின் பதிவுக்கு முன்பின் தெரியாத ஆள் ‘யார் நீ?’ என்று பதில் போடுவார். 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்ஆப் கணக்கும் அழிக்கப்பட்டுவிடும். அப்பாவின் குரல் பதிவுகள் எல்லாவற்றையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று எடுத்து வையுங்கள்.

பையனுக்கு ஒரு யோசனை. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடங்களில் நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி இன்ஜின் வேலையில் அப்பா இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இன்ஜின்கள் பொன்மலையில் செய்தவைதான். லீவில் மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிப்போங்கள். குன்னூர் வரை நீராவி இன்ஜின். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வரிசை வரும், அதைப் பற்றித்தான் ஏறும். இன்ஜின் முன்னால் இருந்து இழுக்காது, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். ஏழு வயதுப் பையன் இதைச் சும்மா விடமாட்டான். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு செய்துவிடுங்கள்.

வீடும் கையெழுத்தும்

நான் வக்கீல் இல்லை; ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, உயில் இல்லை, பாட்டியும் உயிரோடு இல்லை என்கிறீர்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அம்மா தன் பங்கை விட்டுக்கொடுத்துத்தான் பிள்ளையோடு போக வேண்டும் என்று எங்கும் இல்லை. பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம், தானப் பத்திரம் எதிலும் திவசம் முடிந்த சூட்டோடு யாரும் கையெழுத்துப் போடாதீர்கள், நீங்கள் உட்பட. அண்ணன்மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. துக்கத்தில் போட்ட கையெழுத்தால் பின்னால் அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அம்மா ஒரு மாதம் ஓசூரில் இருந்து பார்க்கட்டும், வீடு பூட்டியே இருக்கட்டும். குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்குத் தனியாக வருகிறது. நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க மட்டும் மறக்காதீர்கள்.

பொருட்களில் எது போகலாம், எது இருக்கலாம் என்பதை அம்மா சொல்லட்டும். சட்டை வேட்டிகளை அவரே யாருக்காவது கொடுக்கச் சொல்வார், பாருங்கள். பொதுவாகத் துணிதான் முதலில் போகும். மொபெட்டை விற்பதானால் ஆர்.சி.யை வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகு விற்கச் சொல்லுங்கள்.

ஈஸி சேரை மட்டும் திவசத்துக்கு முன் யாரும் தொட வேண்டாம். அதன் பின்கால் ஒன்று ஆடுகிறது, அம்மா உட்கார்ந்தால் விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அண்ணன் வரும்போது அதைக் காட்டி, ஆணி ஒன்று கழன்றிருக்கிறது என்று சொல்லுங்கள். சின்ன வயதில் அப்பாவோடு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர் அவர்தானாமே. டூல் பாக்ஸ் அங்கேயேதான் இருக்கிறது.